உயிருக்கும் ஏற்றுமதித் தரமா?

அரியாலையில், கண்டி வீதியோரத்தில், மாலை வேளையில் கால்மணி நேரம் நின்று பார்ப்பவருக்கு எமது சமூகத்தின் பொருளாதார நிலை முழுவதும் சில்லுகளில் ஏறிச் செல்வது புலப்படும். நாவற்குழிப் பக்கமிருந்து சைக்கிளில் திரும்பும் கூலித் தொழிலாளி. கணவன், மனைவி, இரு குழந்தைகள் என நால்வரைச் சுமந்து திணறும் மோட்டார் சைக்கிள். படியில் ஆள் தொங்கச் செல்லும் பேருந்து. இவற்றையெல்லாம் விலக்கிக்கொண்டு பறக்கும் பெரிய வாகனங்கள். கடந்த பத்தாண்டுகளில் இக்காட்சியில் புதிதாய் ஒன்று சேர்ந்திருக்கின்றது. லீசிங்கில் வாங்கப்பட்ட சின்னஞ்சிறு கார். அதனுள் இருப்போர் ஆசிரியர், எழுதுவினைஞர், தாதியர், சிறு வணிகர். சுருங்கக் கூறின், எம்மவர். இவ்விதழைப் படிப்போரும் இதில் எழுதுவோரும்.

அச்சிறு காரைப் பற்றியே இங்கு பேச விழைகின்றோம். சிறு கார்கள் பலவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரான்சு நாட்டு ரெனோ நிறுவனத்தின் பெயரைத் தாங்கி, சென்னையில் வடிவமைக்கப்பட்டு, ஓரகடத்தில் தமிழ்த் தொழிலாளரின் கைகளால் பொருத்தப்பட்டு, 2016ஆம் ஆண்டில் இலங்கைச் சந்தைக்கும் வந்து சேர்ந்த க்விட் என்னும் கார் அது. அதன் அழகைப் பாடுவது எமது நோக்கமன்று. அதை வாங்கியவரை எள்ளுவதும் நோக்கமன்று. ஒரே பெயருடைய ஒரு கார் ஒரு நாட்டில் ஓர் உறுதியுடனும் இன்னொரு நாட்டில் வேறோர் உறுதியுடனும் விற்கப்பட்டது ஏன் என்னும் வினாவுக்கு விடை காண்பதே நோக்கம்.

யாழ்ப்பாணத்தவர் காரை அறியாதவரல்லர். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் என்பன எமது பாட்டன்மார் காலத்திலேயே இங்கு குடும்பத்தில் ஒருவர்போல் வாழ்ந்தவை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கண்ணாற் காண்பதற்கும் அரிய பொருளாகியபோது, சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயில் அக்கார்களை ஓடவைத்தனர் எமது மெக்கானிக்மார். அத்திறமை போற்றத்தக்கது. எனினும் அக்காலம் எமக்கு ஒரு தீய பழக்கத்தையும் விட்டுச் சென்றது. காரைக் கண்டதும் நாம் கேட்பது 'ஓடுமா?' என்பதே. இன்று அதனோடு 'லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?', 'மாதத் தவணை எவ்வளவு?' என்னும் இரண்டும் சேர்ந்துகொண்டன. 'மோதினால் உள்ளிருப்பவர் பிழைப்பாரா?' என்னும் வினா எம் நாவில் எழுவதில்லை.

2019ஆம் ஆண்டில் எம்முடன் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் சிறு கார் ஒன்று வாங்கச் சென்றபோது துணைக்குச் சென்றிருந்தோம். எந்தக் கார் என்பது இங்கு பொருட்டன்று. எக்காராயினும் விடை அதுவாகவே இருந்திருக்கும். மோதற்சோதனையில் இக்கார் எவ்வாறு தேறியது என்று வினவினோம். விற்பனைக்கு நின்ற இளைஞர் சற்று விழித்துவிட்டு, பின்னோக்கும் கமராவை இயக்கிக் காட்டினார். அவரைக் குறை கூறோம். அதற்கு முன் எவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லையாம். அக்குறை அவருடையதன்று, எம்முடையது.

க்விட்டைப் புரிந்துகொள்ள ரெனோவின் வரலாற்றைச் சற்றேனும் அறிதல் வேண்டும். 1899இல் லூயி ரெனோவும் அவருடைய சகோதரரும் தொடங்கிய ஆலை அது. இரண்டாம் உலகப்போரில் பிரான்சை நாசிகள் ஆக்கிரமித்திருந்தபோது அவ்வாலைகள் அவர்களுக்காக இயங்கின. பாரிஸ் விடுதலை பெற்றதும், 1944 செப்டெம்பரில் லூயி ரெனோ கைதானார்; அடுத்த மாதமே, விசாரணை தொடங்குமுன், இறந்தார். 1945 ஜனவரியில் பிரெஞ்சு அரசு அந்நிறுவனத்தை நாட்டுடைமை ஆக்கியது. 1946இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட, 'நான்கு குதிரை' என்று பொருள்படும் பெயருடைய சிறு கார், போரில் நொந்த பிரான்சின் சாதாரணக் குடும்பங்களுக்கென உருவானது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதற் பிரெஞ்சுக் கார் அதுவே. ஜப்பானில் ஹினோ நிறுவனமும் உரிமம் பெற்று அதைச் செய்தது. 1961இல் வந்த ரெனோ நான்கு, மூன்று தசாப்தங்களில் எண்பது இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாகி உலகெங்கும் சென்றது.

இவற்றை விளம்பரதாரரும் பெருமையுடன் கூறுவர். அவர்கள் கூறாத வரலாறு ஒன்றும் உண்டு. 1955இல் ரெனோத் தொழிலாளர் சம்பளத்துடன் கூடிய மூன்றாவது வார விடுமுறையைப் பெற்றனர். 1962இல் நான்காவது வாரத்தையும் பெற்றனர். அங்கு கிடைத்தது பின்னர் பிரெஞ்சுத் தொழிலாளர் அனைவருக்கும் சட்டமாயிற்று. பாரிஸின் அருகேயுள்ள பில்லாங்கூர் ஆலையின் தொழிலாளர் 1968 மே மாத வேலைநிறுத்தத்தில் நாடே உற்றுநோக்கும் வண்ணம் நின்றனர். பொற்காலம் என்று அதனைப் புனைய வேண்டியதில்லை. அல்ஜீரியாவிலிருந்து பிழைக்க வந்தோரே அதே ஆலையின் கொடிய வேலைகளில் வாடினர். ஆயினும் ஒன்று தெளிவு. அக்காரின் விலையில் தொழிலாளியின் ஓய்வுக்கும் ஒரு பங்கு இருந்ததென்றால், அதனை அவன் கேட்டுப் பெற்றான். எவரும் இரங்கி ஈந்ததில்லை.

பின்னர் காற்றுத் திசை மாறியது. 1992இல் பில்லாங்கூர் ஆலை மூடப்பட்டது. 1996இல் ரெனோ தனியார் நிறுவனமாயிற்று. 1997இல் பெல்ஜியத்தின் வில்வோர்ட் ஆலையை மூடுவதாக அறிவித்து, மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை வீதிக்கு அனுப்பியது. உள்நாட்டில் உழைப்பு விலையுயர்ந்துவிட்டதென்றால், உழைப்பு மலிந்த இடத்தைத் தேடிச் செல்வது மூலதனத்தின் இயல்பு. 1999இல் ருமேனியாவின் டாச்சியா நிறுவனத்தை ரெனோ வாங்கிற்று. 2004இல் ஐயாயிரம் யூரோவுக்குக் குடும்பக் கார் என்ற முழக்கத்துடன் லோகன் பிறந்தது. அது 2007இல் மகிந்திரா நிறுவனத்தின் கூட்டுறவுடன் இந்தியாவுக்கும் வந்தது. அங்கே அது எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2010இல் ரெனோ அக்கூட்டிலிருந்து விலகிற்று. இதனிடையே 2008இல் ருமேனியத் தொழிலாளர் சுமார் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றதையும் குறித்தல் வேண்டும். மலிந்த உழைப்பு என்றும் மலிந்தே கிடப்பதில்லை.

அடுத்த இடம் தமிழ்நாடு. காஞ்சிபுரம் மாவட்டத்து ஓரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து அமைத்த பெருந்தொழிற்சாலை 2010இல் திறக்கப்பட்டது. லோகனை உருவாக்கிய பொறியியலாளர் ஜெரார் தெதூர்பேயே சென்னையில் அமர்ந்து அதனினும் மலிந்த காருக்குத் தலைமை தாங்கினார். இம்முறைமைக்குக் 'சிக்கனப் பொறியியல்' என்னும் பெயரைப் பரப்பியவர் அந்நாளில் இரு நிறுவனங்களுக்கும் தலைவராயிருந்த கார்லோஸ் கோன். 2015 மே மாதத்தில் க்விட் சென்னையில் காட்டப்பட்டது, செப்டெம்பரில் 2.57 இலட்சம் இந்திய ரூபாயிலிருந்து விற்பனைக்கு வந்தது. பாகங்களில் மிகப் பெரும்பான்மை இந்தியாவிலேயே செய்யப்பட்டவை. 799 கன சென்ரிமீற்றர் எஞ்சின், உயர்ந்த தோற்றம், மேல்வகைக் கார்களில் ஏழங்குலத் தொடுதிரை. அவ்விலையில் அதுவரை எவரும் தராத திரை அது. தமிழ்ப் பொறியியலாளரின் மதிநுட்பமும் தமிழ்த் தொழிலாளரின் கைத்திறனும் அக்காரில் உண்டு. அதில் நாம் பெருமைப்படவும் கூடும்.

பெருமை நீடிக்கவில்லை. 2016 மே மாதத்தில், உலகப் புதுக்கார் மதிப்பீட்டுத் திட்டத்தார் இந்தியாவில் விற்கப்பட்ட சில கார்களை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் தடையொன்றில் மோதவிட்டு ஆராய்ந்தனர். க்விட்டின் மூன்று வகைகள் சோதிக்கப்பட்டன. வளர்ந்தோர் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரங்களுள் மூன்றும் பெற்றது பூச்சியம். சாரதிக்குக் காற்றுப்பை பொருத்திய வகையும் பூச்சியமே. க்விட் மட்டும் தனித்துக் குற்றவாளியன்று. அச்சோதனையில் மாருதி, மகிந்திரா, ஹியூண்டாய் கார்களும் அதே பூச்சியத்தைப் பெற்றன. திருத்தம் செய்த க்விட் அதே ஆண்டின் செப்டெம்பரில் ஒரு நட்சத்திரம் பெற்றது.

இந்தப் பூச்சியத்தின் பொருளை எமது மாணவர்க்கு விளக்குதல் எளிது. கார் தடையில் மோதி நின்றாலும் உள்ளிருப்பவரின் உடல் முன்னைய வேகத்திலேயே செல்ல முனைகின்றது. அது நியூற்றனின் முதல் விதி. காரின் முன்பகுதி நசுங்கி அவ்வேகத்தின் ஆற்றலை உள்வாங்க வேண்டும். ஆட்கள் அமரும் கூடு நசுங்காமல் நிற்க வேண்டும். பட்டியும் காற்றுப்பையும் நெஞ்சையும் தலையையும் சற்று நீண்ட நேரத்தில் மெல்ல நிறுத்த வேண்டும். இதில் மந்திரம் ஏதுமில்லை. எங்கே எவ்வளவு உருக்கு, எவ்வகை உருக்கு, எத்தனை பற்றாசு என்பதே கணக்கு. அக்கணக்கில் மிச்சம் பிடித்தால் அம்மிச்சத்தைச் செலுத்துவது விலா எலும்பு.

இனிப் பிரேசிலுக்குச் செல்வோம். அந்நாட்டில் 2014 முதல் புதிய கார் ஒவ்வொன்றிலும் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் காற்றுப்பையும், சில்லுப் பூட்டுத் தடுக்கும் தடுப்புமுறையும் சட்டப்படி கட்டாயம். இலத்தீன் அமெரிக்க மதிப்பீட்டுத் திட்டத்தார் 2010 முதல் கார்களை மோதிப் பார்த்து, பெறுபேறுகளை ஊரறிய வெளியிட்டு வந்தனர். அந்நாட்டிலும் ரெனோ க்விட்டைச் செய்து 2017 ஓகஸ்டில் விற்பனைக்கு விட்டது. அதே பெயர், ஏறத்தாழ அதே முகம். ஆனால் உடல் வேறு. கூடு வலுவூட்டப்பட்டது, எடை ஏறத்தாழ நூறு கிலோ கூடியது, நான்கு காற்றுப்பைகள் எல்லா வகையிலும் பொருத்தப்பட்டன. அதே ஆண்டு நடந்த சோதனையில் மூன்று நட்சத்திரம் கிடைத்தது.

ஆகவே, 'சிறிய காரை உறுதியாகச் செய்ய இயலாது' என்னும் வாதம் அக்காரைச் செய்தவர்களாலேயே பொய்ப்பிக்கப்பட்டது. செய்ய அறிந்திருந்தனர். கேட்ட இடத்தில் செய்தனர். கேளாத இடத்தில் செய்யவில்லை. எமது கார்கள் இந்தியச் சட்டம் விதித்த அனைத்தையும் நிறைவேற்றுகின்றன என்பதே 2016இல் கார் நிறுவனங்கள் கூறிய விடை. அவ்விடையில் பொய் இல்லை. அதுவே அதன் கொடுமை. மோதலில் உள்ளிருப்பவர் பிழைக்க வேண்டும் என்று அன்றைய இந்தியச் சட்டம் விதிக்கவேயில்லை. மோதற்சோதனை விதி 2017 ஒக்டோபரில் புதிய வகைகளுக்கும், 2019 ஒக்டோபரில் எல்லாக் கார்களுக்கும் வந்தது. 2019 ஜூலையில் சாரதிக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. வந்ததும் எல்லா நிறுவனங்களும் பொருத்தின. எந்த நிறுவனமும் அதனால் கடையை மூடிவிட்டுச் செல்லவில்லை.

இவ்விடத்தில் நண்பர் சிலர் எம்மை மறித்து ஒரு நியாயம் கூறுவர். அதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. "நால்வர் மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்து போவதிலும், கூரையுள்ள பூச்சிய நட்சத்திரக் கார் மேலன்றோ? பாதுகாப்பைக் கூட்டினால் விலை கூடும்; விலை கூடினால் அக்குடும்பம் மீண்டும் மோட்டார் சைக்கிளுக்கே போகும். பிரேசிலில் அக்கார் இந்தியாவினும் விலை கூடியதன்றோ?" என்பர்.

விலை கூடியது உண்மை. அதில் அந்நாட்டு வரிக்கும் பங்குண்டு என்பதும் உண்மை. காற்றுப்பையும் உருக்கும் இலவசமாய்க் கிடைப்பன என்று நாம் கூறோம். நாம் கேட்பது வேறு. சிக்கனம் செய்யத் தொடங்கியோர் எங்கிருந்து தொடங்கினர்? தொடுதிரைக்குப் பணம் இருந்தது. இரண்டாவது காற்றுப்பைக்கு இல்லை. கண்ணுக்குத் தெரிவது விற்கும். கதவுக்குள் மறைந்திருக்கும் உருக்கு விற்காது. கொள்வோன் அறியான் என்ற நம்பிக்கையின்மேல் எழுப்பப்பட்ட சிக்கனம் அது. மோட்டார் சைக்கிளோடு ஒப்பிடுவதும் இத்தகையதே. பசித்தவனுக்குப் பழுதான அரிசியை விற்றுவிட்டு, 'பட்டினியிலும் மேலன்றோ' என்று கேட்பவரை நாம் வள்ளல் என்போமா? ஏழையின் வேறு வழியின்மையை அளவுகோலாகக் கொண்டால் எந்தப் பொருளும் நல்ல பொருளாகிவிடும்.

இன்னும் ஒன்று. 'வெள்ளையன் தன் நாட்டுக்கு நல்லதைச் செய்து எமக்குக் கழிவைத் தருகின்றான்' என்று இதனை நிறப் பகைமையாகச் சுருக்குவோரும் உளர். உண்மை அவ்வளவு எளிதன்று. க்விட்டின் மின்சார வடிவம் சீனாவில் செய்யப்பட்டு, டாச்சியா ஸ்பிரிங் என்னும் பெயரில் 2021இல் ஐரோப்பாவுக்கு வந்தது. ஆறு காற்றுப்பைகள் இருந்தும், ஐரோப்பாவின் கடுமையான அளவுகோலில் அது பெற்றது ஒரே ஒரு நட்சத்திரம். பாரிஸில் மலிந்த கார் வாங்குபவனும் தன் நாட்டின் அளவுகோலில் கடைசி வரிசையிலேயே நிற்கின்றான். கோடு தேசங்களுக்கு இடையில் மட்டும் கீறப்படவில்லை. கொடுக்க வல்லவனுக்கும் வல்லாதவனுக்கும் இடையிலும் கீறப்பட்டிருக்கின்றது. பிரெஞ்சுத் தொழிலாளி எமக்குப் பகைவனல்லன். அவனும் எம்முடன் அதே வாசலில் நிற்பவன்.

சிக்கனம் யாருக்கு என்பதற்கு இன்னொரு சான்று. 2016 மே மாதத்தில் க்விட் பூச்சியம் பெற்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் கார்லோஸ் கோனின் திருமண விருந்து வெர்சாய் அரண்மனை வளாகத்தில் நடந்தது. அரண்மனையுடன் ரெனோ செய்திருந்த கொடை ஒப்பந்தத்தின்கீழ் ஐம்பதினாயிரம் யூரோ பெறுமதியான சலுகை அவருக்குக் கிடைத்ததென்று 2019 பெப்ரவரியில் அந்நிறுவனமே அறிவித்தது. தெரியாமல் நேர்ந்தது, திருப்பிச் செலுத்துவோம் என்றது அவர் தரப்பு. செலுத்தட்டும். ஆனால் சிக்கனத்தின் ஆசான் விருந்துண்ட மண்டபத்தை ஓரகடத்துத் தொழிலாளியின் கண்கொண்டும், பூச்சிய நட்சத்திரக் காரின் பின்னிருக்கையில் உறங்கும் குழந்தையின் பெற்றோர் கண்கொண்டும் பார்க்கும் உரிமை எமக்கு உண்டு.

அந்த ஓரகடத்துத் தொழிலாளர் 2021 மே மாதத்தில் செய்ததை மறத்தலாகாது. கொரோனாவின் இரண்டாம் அலை தமிழ்நாட்டை வாட்டிய நாட்கள் அவை. கார்கள் நகரும் வரிசையில் ஆளுக்கு ஆள் இடைவெளி இல்லை, ஏற்றுமதிக் கட்டளைகளுக்காக எம் உயிர் பணயம் வைக்கப்படுகின்றது என்று அவர்களது சங்கம் சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. வேலைக்கு வரோம் என்றும் அறிவித்தது. 26ஆம் திகதி முதல் சில நாட்கள் ஆலை நிறுத்தப்பட்டது. பாதுகாப்பு ஏற்பாடுகளை நேரிற் சென்று பார்க்குமாறு நீதிமன்றம் அரசு அதிகாரிகளைப் பணித்தது. 1955இல் பில்லாங்கூரில் கேட்கப்பட்ட அதே குரல் 2021இல் ஓரகடத்தில் தமிழில் கேட்டது. காரைச் செய்பவன் தன் உயிருக்கு விலை கேட்கின்றான். காரை வாங்குபவன் கேட்க வேண்டாமா?

எமது நாட்டின் அனுபவமும் இதனையே காட்டுகின்றது. 2018 தொடக்கம் இலங்கைக்கு இறக்குமதியாகும் கார்களில் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் காற்றுப்பையும் சில்லுப் பூட்டுத் தடுக்கும் தடுப்புமுறையும் வேண்டும் என்று அரசு விதித்தது. விதித்ததும் இந்தியச் சிறு கார்கள் அவற்றுடன் வந்தன. ஒரு விதியால் இயன்றதை அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகளாய்ச் சந்தை செய்யவில்லை. ஆயினும் பைகளைக் கேட்ட விதி, கூட்டின் உறுதிக்குச் சான்று காட்டும் நட்சத்திரங்களைக் கொள்வோர் முன் வைக்குமாறு கேட்கவில்லை. பின்னர் அந்நியச் செலாவணி வற்றியதால் 2020 மார்ச்சில் இறக்குமதியே தடைப்பட்டது. கார்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய கார்கள் புதிய கார் விலைக்குக் கைமாறின. 2018க்கு முன் வந்தவையும் அவற்றுள் அடங்கும். அவை இன்றும் கண்டி வீதியில் பாரவண்டிகளுக்கும் தூரப் பேருந்துகளுக்கும் இடையே ஓடுகின்றன. காகிதத்தில் தீர்ந்த பிரச்சினை வீதியில் தீரவில்லை.

செய்யத்தக்கது யாது? கார் வேண்டாம் என்று உபதேசிப்பது போலித்தனம். எம் வீட்டு முற்றத்திலும் ஒன்று நிற்கக்கூடும். நேரத்துக்கு ஓடும், இருந்து செல்லத்தக்க பேருந்து எல்லோர்க்கும் கிடைப்பதே முதல் நியாயம். 1958இல் பேருந்துகளை நாட்டுடைமை ஆக்கிய நாட்டில், ஆசிரியர் ஒருவர் பாடசாலைக்குப் போகக் கடன்பட்டுக் கார் வாங்க நேர்ந்தது ஏன் என்று கேட்டே தீரல் வேண்டும். அதனோடு இன்றே கேட்கக்கூடியவையும் உண்டு. புதியதோ பழையதோ, விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு காரிலும் அதன் மோதற்சோதனைப் பெறுபேறு தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டப்படல் வேண்டும். சோதிக்கப்படாத காராயின் 'சோதிக்கப்படவில்லை' என்று எழுதப்படல் வேண்டும். சோதனையில் தேறாத வகையை இறக்குமதி செய்ய அனுமதித்தலாகாது. லீசிங் நிறுவனம் காரின் பெறுமதியைக் கணக்கிடும்போது எரிபொருட் சிக்கனத்தை நோக்குவதுபோல் உயிர்ச் சிக்கனத்தையும் நோக்குதல் வேண்டும்.

இவற்றைக் கேட்பது ஆசிரியர் சங்கங்களின் வேலையன்று என்று சிலர் முணுமுணுப்பர். அக்கார்களின் தவணையைக் கட்டுவோர் யார்? பின்னிருக்கையில் பாடசாலைச் சீருடையுடன் அமர்ந்திருப்போர் யாருடைய மாணவர்? நாளை எமது வகுப்பில் இயக்க விதிகளைப் படிப்பிக்கும் விஞ்ஞான ஆசிரியர், தள்ளுவண்டி உதாரணத்தை விடுத்து இக்காரைக் கரும்பலகையில் வரையட்டும். ஒரே காரை இரு முறை வரையட்டும். ஒன்றன் கீழ் பூச்சியம் என்றும் மற்றதன் கீழ் மூன்று என்றும் எழுதட்டும். ஏன் இவ்வேறுபாடு என்று மாணவரைக் கேட்கட்டும். பௌதிகத்தில் தொடங்கும் அவ்விடை பௌதிகத்தோடு முடியாது.

மாலையில் கண்டி வீதியில் மீண்டும் வந்து நிற்கின்றோம். மாம்பழம் சந்தியைக் கடந்து ஒரு சிறு கார் வருகின்றது. தந்தை ஓட்டுகின்றார், பின்னால் தாயின் மடியில் ஒரு பிள்ளை தூங்கிவிட்டது. தவணைகள் தீர இன்னும் பல மாதங்கள் இருக்கும். அக்குடும்பம் காசைக் குறைத்துக் கொடுக்கவில்லை. வட்டியும் முதலுமாய் முழு விலையையும் கொடுக்கின்றது. முழுக் காரையும் கேட்பதற்கு அதற்கு உரிமை உண்டு. கேட்போம்.